மொட்டை மாடிக் கம்பிகள்

அனுமந்தை டோல்கேட்டில் எனக்கு 5ஜி வருகிறது. டோல்கேட் தாண்டி சித்தப்பா வீட்டுத் தெருவில் திரும்பும்போது அது 4ஜி ஆகிறது. வாசல்படியில் ஒரே ஒரு கோடு. நடுக்கூடத்தில் ஒன்றுமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் உலகத்தோடு டூ.

எடிட்டருக்குக் கட்டுரை அனுப்ப வேண்டுமானால் மொட்டை மாடி ஏற வேண்டும். அங்கே ஆறு தூண்களின் தலையிலிருந்து கம்பிகள் இரண்டடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சித்தி அதில் கொடி கட்டித் துணி உலர்த்துவாள். நம் பக்கத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், வீட்டைக் கட்டி முடித்துவிட்டதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பையனுக்குக் கல்யாணம் ஆகும், மேலே ஒரு மாடி எடுக்கலாம், அதற்குக் கம்பி இருக்கட்டும்.

"அறுத்து விட்டுடலாமே சித்தப்பா, தலையில இடிக்குது" என்று ஒருமுறை சொன்னேன்.

"அறுத்துட்டா நாளைக்கு மேல எடுக்கறப்ப இன்னா பண்ணுவ? அடியிலேர்ந்து தூண் எழுப்பணும். வூட்டை இடிக்கணும். இடிச்சா அதுவரைக்கும் நாங்க எங்க படுக்கறது, டோல்கேட்லயா?"

செல்போன் கம்பெனிகள் ஏஸி ரூமில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயம் இதுதான் ஸார். வேறொன்றும் இல்லை. கீழே குடியிருப்பவனைக் காலி செய்யாமல் மாடி எடுப்பது எப்படி?

நான் பி.காம். எனக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் உள்ள சம்பந்தம் ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவதோடு சரி. ஆனால் தேய்மானம் என்றால் எனக்குத் தெரியும். வாங்கிய சாமான் ஒன்று, அது உழைத்துத் தீருவதற்குள் அடுத்த சாமான் வந்துவிட்டால் கணக்குப் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். செல்போன் கம்பெனிக்கு இது பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி... ஒவ்வொன்றுக்கும் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்கினால் டாட்டா பிர்லாவுக்கே கட்டுப்படியாகாது.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமுடன் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். உங்களைக் கூப்பிட்டவன் பேசினாலும் நீங்கள் காசு கொடுக்க வேண்டும். மணி அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் ஓடிப்போய் பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்ட புத்திசாலிகள் நிறைய. வருகிற பேச்சு இலவசமானது 2003ல்.

ஈசிஆரில் இன்னொரு வேடிக்கை. சென்னைக்குத் தனி லைசென்ஸ், மிச்சத் தமிழ்நாட்டுக்குத் தனி லைசென்ஸ். சென்னை வட்டம் மாமல்லபுரம் எக்ஸ்சேஞ்சோடு முடிந்தது. அதாவது பல்லவர் சிற்பம் பார்க்கிற வரைக்கும் நீங்கள் உள்ளூர்க்காரர். அதைத் தாண்டி கல்பாக்கம், மரக்காணம் என்று வந்தால் வெளியூர்க்காரர், ரோமிங். கோட்டைத் தாண்டாதே என்று லட்சுமணன் சொன்னது போலத்தான். 2005ல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

இந்த விலை நமக்கு ஆகாது என்று அப்போதே ஒருவர் கணக்குப் போட்டார். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. 90களில் ஒரு டெலிபோன் கனெக்‌ஷன் கொடுக்க இலாகாவுக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய் ஆயிற்று. அந்த முதலுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு வீடும் வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் பில் கட்டினால்தான் கட்டுப்படியாகும். நம்மில் எத்தனை பேரால் முடியும்? அந்த 30,000ஐ 10,000 ஆக்கினால் பாதி இந்தியா டெலிபோன் வைத்துக்கொள்ளும். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு எஞ்சினீயர் டிசைனை ஆரம்பிப்பதற்கு முன்னால் வாடிக்கையாளரின் பர்ஸைப் பார்த்திருக்கிறார் பாருங்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் கார்டெக்ட். ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளே வயரில்லாமல் தூக்கிக்கொண்டு நடப்பதற்கென்று வைத்திருந்த சாதாரண கார்ட்லெஸ் போன் முறையை எடுத்து, அதை இழுத்து நீட்டி, பத்து கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள். நடுவில் ஒரு துணை நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். தெருவைத் தோண்டிச் செம்புக் கம்பி புதைக்கிற செலவு மிச்சம். போன் பேசும்போதே 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் வந்தது. மதுரை மேலூர் பக்கத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் கியாஸ்க் போட்டு நடத்தினார்கள். பிறகு செல்போன் விலையே சரிந்து விழுந்ததும் இதற்கு வேலை குறைந்துபோயிற்று. ஆனால் புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட, இருப்பதை நீட்டுவது மலிவு என்பதை நம்ம ஊரிலேயே செய்து காட்டியாகிவிட்டது.

செல்போனிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் போனது. 2ஜியில் இன்டர்நெட் வேண்டும் என்றார்கள். எட்ஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே டவர், அதே அலைவரிசை, அதே அகலம். முன்பு ஒரு துடிப்புக்கு ஒரு பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் மூன்று பிட் போயிற்று. சித்தப்பாவின் டிவிஎஸ் 50 மாதிரி. அதே வண்டி, அதே ரோடு, மூன்று பேர். ரோடு மோசமாக இருந்தால், அதாவது சிக்னல் பலவீனமாக இருந்தால், இரண்டு பேர் இறங்கிக்கொள்வார்கள், ஒருவர் மட்டும் போவார். டவரில் சில அட்டைகளையும் மென்பொருளையும் மாற்றியதோடு சரி.

3ஜியில்தான் புத்தி தடுமாறியது. புது அலைவரிசை, புதுப் பெட்டி, புது ஆன்டெனா. 2010ல் 34 நாள், 183 சுற்று ஏலம் விட்டு அரசாங்கம் 67,719 கோடி ரூபாய் வாங்கியது. எல்லாம் கடன். இருபது வருஷத்துக்கு என்று வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பழைய மாடியே இல்லாத கம்பெனி, நேராக 4ஜி. 2019ல் ஏர்டெல் 3ஜியை மூட ஆரம்பித்துவிட்டது. சீர் வரிசை எல்லாம் வாங்கி வைத்த பிறகு மாப்பிள்ளை மாறிய கதை. நல்லவேளை, அந்த அலைவரிசை வீணாகவில்லை, 4ஜிக்குத் திருப்பிவிட்டார்கள். பெட்டிகள்தான் காயலான் கடைக்கு. 1999ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், கடனும் போட்டியும் தாங்கவில்லை என்று 2018ல் திவால் மனு கொடுத்தது. அந்த பிப்ரவரியில் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளத் தமிழ்நாடே கடைவாசலில் நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதற்கப்புறம் எல்லோருக்கும் புத்தி வந்தது. செலவு பெட்டியில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று புரிந்தது. நிலத்து வாடகை, இரும்பு, பாட்டரி, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல். ஒரே ஊரில் மூன்று கம்பெனி மூன்று டவர் எதற்கு? 2007லேயே ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் என்று பொதுவில் ஒன்று ஆரம்பித்திருந்தன. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. வெளியே விளம்பரத்தில் அடித்துக்கொள்வார்கள், டவரில் ஒரே பாட்டரி. அடுத்து, 2ஜிக்கு ஒரு பெட்டி, 4ஜிக்கு ஒரு பெட்டி என்றில்லாமல் ஒரே பெட்டி, மென்பொருளை மாற்றினால் வேறு ஜி. பகலில் டீக்கடை, சாயங்காலம் பஜ்ஜிக் கடை, அடுப்பு ஒன்றுதான்.

5ஜி வந்தபோது இந்த மாடி விவகாரம் உச்சத்துக்குப் போயிற்று. 2022 ஆகஸ்ட் முதல் தேதி முடிந்த ஏலம் 1,50,173 கோடி. அக்டோபர் முதல் தேதி சேவை ஆரம்பம். ஆளுக்கு ஒரு வழி.

ஏர்டெல் அப்போது எடுத்தது சிக்கன வழி. மேலே 5ஜி என்று ஒரு ரூம் கட்டுவது. ஆனால் அதற்குத் தனிப் படிக்கட்டு கிடையாது. கீழ்வீட்டு 4ஜி வாசலில் நுழைந்து, 4ஜி நடுக்கூடம் வழியாகத்தான் மேலே போக வேண்டும். உங்கள் போன் முதலில் 4ஜியிடம்தான் வணக்கம் சொல்லும். அது "சரி, மேலே போ" என்று அனுப்பும். பழைய மூளையே போதும், சீக்கிரம் முடியும், செலவு குறைவு. ஜியோ தனிப் படிக்கட்டே கட்டியது. அதற்கு மட்டும் புதிய மூளை. தூரம் போகிற 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் வேண்டியிருந்தது. அதை மட்டும் 39,270 கோடிக்கு வாங்கினார்கள். 2016லும் 2021லும் விலையைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் தொடாத சரக்கு!

700க்கு ஏன் இந்த மவுசு? பக்கத்து ஊரில் திருவிழா நடந்தால் இங்கே தவில் மட்டும் கேட்கும், நாயனம் கேட்காது. கவனித்திருக்கிறீர்களா? கனமான ஓசைக்குத் தூரம் அதிகம். ரேடியோ அலையும் ஏறக்குறைய அப்படித்தான். 700ம் 900ம் தவில். வேகம் தருகிற 5ஜியின் 3300 நாயனம். இனிமை அதிகம், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் போவதற்குள் மூச்சு வாங்கும். எனக்கு டோல்கேட்டில் 5ஜி, சித்தி பரிமாறும்போது பூஜ்யம் என்பதன் ரகசியம் இதுதான். டவரைக் கார்கள் நிற்கிற இடத்தில்தான் முதலில் வைப்பார்கள். பி.காம். படித்தவன் நானாக இருந்தாலும் அப்படித்தான் வைப்பேன்.

பிஎஸ்என்எல் 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசா ஜார்சுகுடாவில் தன் 4ஜியைத் தொடங்கியது. தாமதம்தான், சந்தேகமில்லை. ஆனால் டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் என்று உள்நாட்டுச் சரக்கு, சுமார் 97,500 டவர். இவற்றை மென்பொருள் வழியாகவே 5ஜிக்கு உயர்த்தலாம் என்று அறிவித்தார்கள். படித்ததும் எனக்குச் சித்தப்பா வீட்டு மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது. கம்பியை நீட்டி வைத்திருக்கிறார்கள்!

இதுவரை கம்பெனிக் கணக்கு. இனி என் கணக்கு. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

சித்தப்பா மரக்காணத்தில் நாலு பேரோடு சேர்ந்து உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுத்திருக்கிறார். விடிவதற்கு முன்னால் டிவிஎஸ் 50ல் போய்விடுவார். இடுப்பில் ஒரு பட்டன் போன். 2ஜி. கீழே விழுந்து மூலை உடைந்து, ரப்பர் பாண்ட் போட்டது. நாலு நாளைக்கு ஒருமுறை சார்ஜ். அதில் அவருக்கு முக்கியமாக ஒரே ஒரு உபயோகம். கோடைமழை மேற்கேயிருந்து வரும். திண்டிவனத்தில் இருக்கும் சம்பந்தி மேகம் கறுத்ததும் ஒரு போன் போடுவார். "மச்சான், இங்க புடிச்சுக்கிச்சு." அவ்வளவுதான். அது உப்பளத்துக்கு வந்து சேர்வதற்குள் வாரி வைத்த உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடிவிடுவார்கள்.

போன வருஷம் நான் கொஞ்சம் காசு பார்த்தேன். சித்தப்பாவுக்கு எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு டச் போன் வாங்கிக்கொண்டு போனேன். தவணையில்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

"இதுல எத்தினி ஜி தம்பி?"

"நாலு ஜி சித்தப்பா."

"நம்மளுது?"

"ரெண்டு."

"ரெண்டு ஜியை வெச்சிக்கினா இத்தினி நாளு ஓட்டுனேன்?" என்று தன்னையே வியந்துகொண்டார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. படம் சுற்றிச் சுற்றி நிற்கிறது என்று தம்பி சொன்னதால் செட்டிங்ஸுக்குள் போய், "4ஜி மட்டும்" என்று மாற்றிவைத்தேன். பழைய 2ஜிக்கு இறங்கி மெதுவாகி விடக்கூடாதாம். எனக்கு என்னமோ டவரையே ரிப்பேர் செய்த பெருமை.

முதல் வாரமே புகார். உப்புத் தண்ணீரில் நனைந்த விரலால் தொட்டால் அது எங்கேயோ தொட்டதாக நினைத்துக்கொள்கிறது. டச் ஸ்கிரீன், விரல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரிலும் மின்சாரம் நன்றாகப் பாயும். கண்ணாடிக்கு விரல் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அதைத் துண்டில் சுற்றி டிபன் கேரியர் பையில் வைத்துவிட்டார்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் திண்டிவனத்தில் பிடித்துக்கொண்டது. சம்பந்தி போன் போட்டார். ஏழு தடவை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சலிக்காமல் சொல்லியிருக்கிறாள். பாத்தியில் 4ஜி எட்டவில்லை, 2ஜி நன்றாக எட்டியது. ஆனால் 2ஜி பக்கம் போகாதே என்று அந்த போனுக்கு உத்தரவு போட்டவன் நான்தானே? மற்ற கூட்டாளிகளின் போன் எல்லாம் கரையில் சட்டைப் பையில். மூன்று நாள் வாரிய உப்பு அரை மணி நேரத்தில் வந்த வழியே போயிற்று.

சித்தப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உப்புதானே, தண்ணீலேர்ந்து வந்துது, தண்ணீல போச்சு" என்றார். சித்தி மட்டும் எனக்கு அன்றைக்கு ரசத்தில் ஒரு கல் உப்பு குறைத்துப் போட்ட மாதிரி தோன்றியது. கேட்கத் தைரியமில்லை.

மாடி எடுக்கும்போது கீழ்வீட்டைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதை நான் இப்படித்தான் படித்தேன். நான் அமுக்கிய பட்டனைத்தான் கம்பெனிகளும் ஒருநாள் அமுக்க வேண்டியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2ஜி பிடித்துக்கொண்டிருக்கிற அந்த 900 மெகாஹெர்ட்ஸ் தவில் அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்தால் அதே அகலத்தில் எத்தனையோ மடங்கு அதிக ஜனம் பேசலாம், படம் பார்க்கலாம். லெட்ஜரில் பார்த்தால் 2ஜி வாடகை ஏறாத பழைய குடித்தனம். 2023ல் ஜியோ 999 ரூபாய்க்கு பட்டன் வைத்த 4ஜி போன் கொண்டுவந்தபோது, இன்னும் 25 கோடிப் பேர் 2ஜியில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அந்த போன் நல்ல யோசனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பட்டன் இருக்கிறதே! ஆனால் போனைக் கொடுத்தால் மட்டும் போதாது, 2ஜி எட்டிய இடத்துக்கெல்லாம் 4ஜி எட்ட வேண்டும். பூட்டுப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் அந்தப் பட்டன் போனோடு மரக்காணத்து வரப்பில் நடந்து பார்க்க வேண்டும். அதற்கான படியை நானே தருகிறேன், தவணை முடிந்ததும்.

கடல் பக்கமும் இதே கதைதான். 1997க்கும் 2001க்கும் நடுவில் வடகேரளக் கடற்கரைக்கு செல்போன் வந்தபோது என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார நிபுணர் ஆராய்ந்து 2007ல் எழுதினார். மத்தி பிடிக்கிறவர்கள் படகிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு அங்கே போனார்கள். விற்காமல் கொட்டுகிற மீன் இல்லாமல் போயிற்று. மீனவருக்கு லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. எல்லாம் வெறும் பேச்சு. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் எட்டியது, கடலில் மரமும் இல்லை, மாடியும் இல்லை. (2ஜிக்கு 35 கிலோமீட்டர் வழக்கமான எல்லை. அதற்கு மேலே அலை போனாலும் அது வந்து சேர்கிற நேரம் தப்பிவிடும். பத்து மணிக்கு மேல் ஆபீசுக்கு வந்தால் ஆள் நின்றாலும் அட்டெண்டன்ஸ் கிடையாதே, அது போல.)

போன ஞாயிறு இந்தக் கட்டுரையை அனுப்ப மாடிக்கு ஏறினேன். சித்தப்பா அங்கே ரெட் ஆக்சைடு டப்பாவோடு குந்தியிருந்தார். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக வருகிறது. சுரண்டிவிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

"மாடி எப்ப சித்தப்பா எடுக்கப் போறீங்க?"

"எடுப்போம் எடுப்போம். அதுவரிக்கும் இது இத்துப் போவாம இருக்கணுமே. இத்துப்போன கம்பி மேல எவன் வூடு கட்டுவான்?"

இடுப்பில் ரப்பர் பாண்ட் போன் அலறியது. காதில் வைத்தார். "எந்தப் பக்கம்?... மயிலத்துலயா?... சரி சரி, வெய்யி." பிரஷை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினார். கீழே டிவிஎஸ் 50 இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

நான் நாலாவது தூணுக்கு வருவதற்குள் மேற்கே இடித்தது.